கறுவலுக்கு வைத்த சோறு

மாரிப்பிள்ளையின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, அவள் எழும்பு முன்னமே கந்தப்போடி சீட்டு எழுதினான்.

முந்தின இரவு கூத்தில் அவன்தான் ராசா. கிரீடம் வைத்து ஆடிக்கொண்டிருந்தவனை மணத்தால் அறிந்த கறுவல், குரைத்தபடி கூத்தாடும் களரிக்குள் பாய்ந்து அவன் காலை நக்கியது. அவன் மாரிப்பிள்ளையைக் கலியாணம் முடித்து அவள் வீட்டுக்கு வருமுன்னமே அங்கே வளர்ந்த நாய். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் ஓங்கி உதைத்தான். சிரிப்பு நின்றது. மாரிப்பிள்ளை எழுந்து போய்விட்டாள். நாய் வீடு திரும்பவில்லை.

‘ராசாவுக்குக் கோபம் வந்திட்டு’ என்று தொடங்கியவன், அதை அடித்துவிட்டு எழுதினான்:

“புள்ள, நான்தான் உதைச்சன். மீன்குழம்பு சட்டியில கிடக்கு, நான் தின்னல்ல. கூத்துப் பழக்கின அண்ணாவியார் வந்தா உடுப்பையும் கிரீடத்தையும் குடு. இனி எனக்கு வேணாம். கறுவலைத் தேடி ஆத்தங்கரைப் பக்கம் போறன்.”

தாளின் அடியில் நுணுக்கி நுணுக்கி மேலும் எழுதினான்:

“அது எனக்கு முந்தி வந்தா கட்டிப்போடாத. சட்டிக்குப் பக்கத்தில சோறு வைச்சிருக்கன், குடு. நான் வரக்குள்ள, கள்ளனைக் கண்ட மாதிரிக் குரைச்சாலும் அதை ஏசாத. குரைக்கட்டும்.”