கத்தினது சிம்னி இல்லை

பாப்பாவுக்கு,

அப்பா எழுதறேன். இங்க நானும் உங்கம்மாவும் சௌக்கியம். சௌக்கியம்னா முட்டிவலி, கண்ணுல புரை, இதையெல்லாம் கழிச்சுட்டு மிச்சம் என்ன இருக்கோ அது. அங்க நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எங்களைவிட ரெண்டு பங்கு நல்லா இருக்கணும். குட்டிக்கு முன்பல்லு விழுந்த போட்டோவை உங்கம்மா பார்த்துப் பார்த்துச் சிரிக்கறா, அப்புறம் என் வாயைப் பார்த்துட்டும் சிரிக்கறா, எதுக்குன்னு உனக்கே தெரியும். இதையெல்லாம் போன்ல சொன்னா என்னன்னு கேப்ப. போன்ல நான் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா நீ நடுவுல ஒரு கேள்வி கேப்ப, நான் அந்தக் கேள்வி பின்னாடியே போயிடுவேன், சொல்ல வந்தது நின்ன இடத்துலயே நிக்கும். அதான் எழுத உக்காந்தேன். நான் எழுத்துக் கத்துக்கிட்டது பள்ளிக்கூடத்துல இல்லை, சிமெண்ட் மூட்டையைப் பார்த்து. கோணல்மாணலா இருந்தா பொறுத்துப் படி.

போன மாசம் நீ கேட்ட இல்ல, அம்மா இருமலுக்குன்னு நான் வாங்கி அனுப்பின, அடுப்புக்கு மேல புகை இழுக்கற சிம்னியை ஏன்ப்பா போடறதே இல்லையாம், மாமா வந்து பார்த்துட்டுச் சொன்னார்னு. நான் என்ன சொன்னேன்? இங்க கரண்ட் சரியில்லை பாப்பான்னேன். அது பொய். கரண்ட் நல்லாத்தான் இருக்கு. நீ சரிப்பான்னு மட்டும் சொன்ன. அந்த சரிப்பா எனக்குப் புரிஞ்சுது. தூரத்துல இருந்துக்கிட்டு நாம பண்ணதும் வீணாப்போச்சுன்னு உனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கும். நீ பண்ணது வீணாப்போகலை. நடந்ததை முதல்ல இருந்து சொல்றேன்.

தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் உங்கம்மா குரல் எப்படி ஆச்சுன்னு உனக்குத் தெரியும், ரெண்டு காகிதத்தைச் சேர்த்துத் தேய்ச்சா வருமே அந்தச் சத்தம்தான். பக்கத்துல உக்காந்தாக் கேக்கும், அடுத்த ரூம்ல இருந்தா காதைத் தீட்டிக்கணும். சமையலை நான் எடுத்துக்கிட்டேன். சிமெண்ட் கலவை போடத் தெரிஞ்சவனுக்குக் குழம்பு வராதான்னு ஒரு திமிரு. வந்துச்சு, கூடவே புகையும் வந்துச்சு. வெங்காயம் வதக்கினா அவ இருமுவா, மீன் வறுத்தா அவ கண்ணுல தண்ணி ஊத்தும், இருமி இருமித் தொண்டைப் புண்ணு ஆற மாட்டேங்குதுன்னு டாக்டர் சொன்னார். அப்பத்தான் நீ சிம்னி அனுப்பின. அன்னைக்கு மாட்ட வந்த ஆளு, நல்ல ஆளுதான், வாய்தான் கொஞ்சம் நீளம், சுவத்தைப் பார்த்துட்டு இங்க மேல நேரா ஓட்டை போடணும் பெரியவரேன்னான். என்கிட்ட சொல்றான் பாரு, நான் கட்டின சுவத்துல எங்க ஓட்டை போடணும்னு. நாப்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்திருக்கேன். ஒரு தடவை ஒரு மேஸ்திரி பாத்ரூம் கதவை வெளிப்பக்கம் திறக்கற மாதிரி வைக்கச் சொன்னார், வெச்சா மாடிப்படியில ஏற முடியாதுங்கன்னேன், சொன்னதைச் செய்யின்னார், செஞ்சேன், குடி வந்த முதல் நாளே அந்த வீட்டுக்காரர் கதவுல மோதிப் பல்லு போச்சு. அதுல இருந்து எவன் சொல்லியும் நான் சுவத்துல கை வைக்கறதில்லை. இவன் சொன்ன இடத்துல நான் பதிச்ச டைல்ஸ் ஆறு இருக்கு, ஒண்ணு கூட இன்னைக்கு வரைக்கும் விரிசல் விடலை. அதை உடைக்க மனசு வரலை. ரெண்டடி தள்ளி, ஒண்ணரையடி கீழே நானே ஓட்டை போட்டுக் குடுத்தேன். அவன் தலையைச் சொறிஞ்சான், பைப்பை மடக்கி, அமுக்கி, இன்னொரு மடக்கு மடக்கி எப்படியோ மாட்டிட்டுப் போயிட்டான்.

போட்டா என்ன சத்தம்ங்கற! மாடு கத்தற மாதிரி. புகை போச்சு, இல்லைங்கலை, ஆனா அடுப்பு மேல குக்கர் விசில் அடிச்சாக் கூட எனக்குக் கேக்காது. ஒரு வாரம் ஆகியிருக்கும், காலையில ஃபுல்லா போட்டுட்டு உருளைக்கிழங்கு வறுத்துக்கிட்டு, பாட்டு வேற முணுமுணுத்துக்கிட்டு நின்னேன். எல்லாம் முடிச்சுத் தட்டோட உள்ள போறேன், உங்கம்மா கட்டிலுக்குக் கீழே உக்காந்திருக்கா. கால் மடங்கி விழுந்திருக்கா. அடி ஒண்ணும் இல்லை. அரை மணி நேரமாக் கூப்பிட்டேங்கன்னா. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். சும்மா சேதி மாதிரி சொன்னா. அன்னைக்கு சிம்னி பிளக்கைப் பிடுங்கினவன்தான். அவ இருமறது தேவலை, கூப்பிட்டுக் கேக்காம போறது ஆகாதுன்னு முடிவு பண்ணேன். உன்கிட்ட சொன்னா நீ அங்க உக்காந்து அழுவ, இல்லைன்னா வேலையை விட்டுட்டு வரேம்ப, அதான் கரண்ட் மேல பழியைப் போட்டேன்.

இப்ப சொல்லப்போறதைக் கேட்டுப் பயப்படாத, எல்லாம் முடிஞ்சு போன கதை, நாங்க ரெண்டு பேரும் முழுசா இருக்கோம். மூணு வாரத்துக்கு முன்னாடி, எண்ணெய் காய வெச்சுட்டு வாசல்ல யாரோ கூப்பிட்டாங்கன்னு போய் ரெண்டு வார்த்தை பேசினேன். எனக்கு எது ரெண்டு வார்த்தையோட நின்னிருக்கு? திரும்பி வந்தா சட்டியில தீ. சிம்னியோட அடிப்பக்கத்தை நக்கிக்கிட்டு நிக்குது, மேல இருந்து எண்ணெய் சொட்டுது, சொட்டச் சொட்டப் படபடங்குது. நான் என்ன பண்ணேன் தெரியுமா, ஒரு சொம்பு தண்ணியைத் தூக்கிட்டேன். வீசப்போற நேரம் பின்னாடி இருந்து என் மணிக்கட்டை ஒரு கை பிடிச்சுது. உங்கம்மா. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே அத்தனை தூரம் நடந்து வந்திருக்கா. கண்ணாலயே கேஸைக் காட்டினா, அணைச்சேன். மூடியைக் காட்டினா, பக்கவாட்டுல இருந்து தள்ளிச் சட்டியை மூடினேன். மேல ஒட்டியிருந்ததும் கொஞ்ச நேரம் புகைஞ்சு தானா அடங்கிப்போச்சு. எரியற எண்ணெய்ல தண்ணி ஊத்தியிருந்தா வீடே போயிருக்கும்னு அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. ஏண்டி ஒரு குரல் குடுக்கக் கூடாதான்னு கேட்டேன். குடுத்தா உங்களுக்கு எங்க கேக்கப்போகுதுன்னா.

பாப்பா, அன்னைக்கு சிம்னி ஓடவே இல்லை. வீடு அமைதியாத்தான் இருந்துச்சு. அவ கூப்பிட்டிருந்தாக் கேட்டிருக்கும். கட்டிலுக்குக் கீழே விழுந்த அன்னைக்கே அவ கூப்பிடறதை விட்டுட்டா. நான் மெஷினை நிறுத்திட்டு நிம்மதியா இருந்திருக்கேன், அவ இத்தனை மாசமா தாகம் எடுத்தாலும் போர்வை நழுவினாலும் நான் வர்ற வரைக்கும் பேசாம இருந்திருக்கா. எனக்கு இது தெரியவே இல்லை.

சிம்னி கம்பெனிக்குப் போன் பண்ணேன். இந்தத் தடவை ஒரு பொண்ணு வந்தா, ஏணியை அவளே தோள்ல போட்டுத் தூக்கிக்கிட்டு. பிளக்கைப் பிடுங்கியாச்சான்னு முதல்ல அதைத்தான் பார்த்தா. அடியில இருக்கற சல்லடையைக் கழட்டி என் மூக்குக்கு நேரா நீட்டி, ஐயா இதைப் பிழிஞ்சா உங்க தெரு மொத்தத்துக்கும் ஒரு வாரம் வெங்காயம் வதக்கலாம்னா. மெஷினைத்தான் போடவே இல்லையேம்மா, எப்படி அழுக்கு சேரும்னேன். அடுப்பு மூட்டினீங்க இல்ல, நீங்க சுவிட்ச் போட்டீங்களா இல்லையான்னு எண்ணெய்ப் புகை பார்த்துக்கிட்டா இருக்கும், அது பாட்டுக்கு மேல வந்து ஒட்டும்னா. அன்னைக்கு ஃபேன் மட்டும் ஓடியிருந்தா தீயை உள்ளே இழுத்திருக்கும், அந்த மட்டும் தப்பிச்சீங்கன்னா. அப்புறம் பைப்பைப் பார்த்தா, வெளிய போய்ப் பார்த்தா, திரும்பி வந்து இந்த ஓட்டையை எந்த மகராசன் போட்டான்னு கேட்டா. நான் மோட்டுவளையைப் பார்த்தேன். உங்கம்மா நாற்காலியில உக்காந்தபடியே விரலை என் பக்கம் நீட்டினா. அந்தப் பொண்ணு சிரிப்பை அடக்கிக்கிட்டு, காத்து நேரா போனா சத்தமில்லாம போயிடும் ஐயா, நீங்க ரெண்டு இடத்துல மடக்கி நசுக்கி வெச்சிருக்கீங்க, அது முட்டி மோதிக்கிட்டு வெளிய போகுது, அதுக்கு மேல சல்லடையும் அடைச்சிருக்கு, கத்தறது மெஷின் இல்லை, உங்க ஓட்டைன்னா.

மறுநாள் உங்கம்மாவை, தூசி தொண்டைக்கு ஆகாதுன்னு, எதிர்வீட்டுத் தையல்காரம்மா கிட்ட உக்கார வெச்சுட்டு உளியை எடுத்தேன். ஆறு டைல்ஸ். அஞ்சு உடைஞ்சுது, ஒண்ணு முழுசா வந்துச்சு, அது என்னமோ எனக்கு ஆறுதலா இருந்துச்சு. மேல, முதல்ல வந்த ஆளு கை வெச்சுக் காட்டின அதே இடத்துல, ரசமட்டம் பிடிச்சு நேர் பார்த்து ஓட்டை போட்டேன். பழைய ஓட்டையை அடைச்சுப் பூசினேன். பூச்சு இன்னும் நிறம் சேரலை, அடுப்பு முன்னாடி நின்னாத் திட்டாத் தெரியும், தெரியட்டும். அந்தப் பொண்ணு வந்து புதுப் பைப்பை நேரா மாட்டி ஒண்ணாம் நம்பர் வேகத்துல போட்டா. ஓடுதான்னு அண்ணாந்து பார்த்தேன். புஸ்ஸுன்னு காத்து போற சத்தம், அவ்வளவுதான். சமைக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே போட்டுடுங்க, முடிச்சும் பத்து நிமிஷம் ஓடட்டும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க, வெளிக் காத்து உள்ள வந்தாத்தான் உள்ள இருக்கற புகை வெளிய போகும், இப்படி இருந்தா மூணாம் நம்பரே உங்களுக்கு வேண்டியிருக்காதுன்னு சொல்லிட்டுப் போனா.

அன்னைக்கே மீன் வறுத்தேன். சிம்னி ஓடுது, உங்கம்மா உள்ள இருக்கா, இருமல் இல்லை. நான் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறேன். ஒண்ணும் வரலை. போய்ப் பார்த்தா தண்ணிச் சொம்பு காலியாக் கிடக்கு, அவ ஜன்னலைப் பார்த்து உக்காந்திருக்கா. ஏன் கூப்பிடலைன்னேன். பழக்கம் விட்டுப் போச்சுன்னா. மறுநாளும் அப்படியே. கூப்பிட்டுப் பாருடி, இப்பக் கேக்கும்னு கெஞ்சினேன், சரி சரின்னு தலையை ஆட்டினா, கூப்பிடலை. சுவத்தை அரை நாள்ல திறந்துட்டேன், இதைத் திறக்க எந்த உளியை எடுக்கறதுன்னு எனக்குத் தெரியலை பாப்பா. மூணாம் நாள் முட்டை பொரிச்சுக்கிட்டிருக்கேன், புஸ்ஸுங்கற சத்தத்துக்கு நடுவுல, ஏங்கன்னு வந்துச்சு. சின்னதா. கற்பனையோன்னு நின்னேன். மறுபடியும் ஏங்க. அடுப்பை அணைச்சுட்டுத்தான் ஓடினேன், அதை மறக்கலை. என்ன வேணும்னா, ஒண்ணுமில்லை, கேக்குதான்னு பார்த்தேங்கறா. கேட்டுச்சுன்னேன். சரி போய் வேலையைப் பாருங்க, முட்டை தீயுதுன்னா. அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பதினோரு தரம் கூப்பிட்டா. திரையை இழுங்க, திரையை விடுங்க, வாசல்ல யாரு, உப்பு போட்டாச்சா, இப்படி. பதினோரு தரமும் போனேன். ஒரு தரம் கூட எனக்குச் சலிக்கலை.

உன் வீட்டுலயும் அடுப்புக்கு மேல ஒண்ணு இருக்கு, குட்டியோட போட்டோ பின்னாடி தெரிஞ்சுது. மாசம் ஒரு தரம் பிளக்கைப் பிடுங்கிட்டு, சூடு ஆறினப்புறம் சல்லடையைக் கழட்டி, சுடுதண்ணியில பாத்திரம் தேய்க்கற சோப்பும் கொஞ்சம் சோடா மாவும் போட்டு ஊற வை. நல்லாக் காய்ஞ்சதும் மாட்டு, ஈரத்தோட மாட்டாத. வெளிய பைப்பு இல்லாம உள்ளயே சுத்துற மாதிரின்னா அதுல கரித்தூள் அட்டை ஒண்ணு இருக்குமாம், அதைக் கழுவக் கூடாது, மாத்தத்தான் வேணும், அந்தப் பொண்ணுகிட்ட உனக்காகக் கேட்டு வெச்சேன். எண்ணெய் காயும்போது போன் பேசப் போகாத, நீ என் பொண்ணு, ரெண்டு வார்த்தையில முடிக்க மாட்ட. இதையெல்லாம் மாப்பிள்ளைகிட்டயும் சொல்லு, அவரும் சமைக்கறவர்தானே. இத்தனை தூரத்துல இருந்துக்கிட்டு அம்மா தொண்டையை நினைச்சு ஒரு சாமான் வாங்கி அனுப்பின பாரு, அது இன்னைக்குத் தன் வேலையைச் செய்யுது, இனிமே நீ அதை நினைச்சு வருத்தப்படக் கூடாது. நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம, வயிறு நிறைஞ்சு, சிரிச்ச முகமா, ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கணும். உங்கம்மா கையும் என் கையும் எப்பவும் உங்க தலை மேல இருக்கு.

ஒண்ணே ஒண்ணு மறந்துடாத. நீ போன் பண்ணா முதல்ல அம்மாகிட்ட குடுக்கறேன். அவளுக்கு ஒரு வார்த்தை தொண்டையில இருந்து ஏறி வரக் கொஞ்சம் நேரம் ஆகும், வந்தாலும் சின்னதாத்தான் வரும். அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கலைன்னா லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சு வெச்சுடாத கண்ணு. அவ பேசிக்கிட்டுத்தான் இருப்பா.

அன்போட,
உங்கப்பா