இரண்டாவது பால்குடம்

ஜெலாப்பாங், ஈப்போ.

என் அன்புக் கணவருக்குக் குமுதா எழுதுவது.

நானும் அத்தையும் நம் மகள் சாந்தினியும் சுகமாக இருக்கிறோம். லெபனானில் நீங்களும் சுகமாக இருக்கவேண்டும் என்று கல்லுமலை முருகனிடம் கேட்காத நாளில்லை. போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல லா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இங்குள்ள ராணுவ முகாமில் உங்களுக்கு அனுப்பப் பார்சல் வாங்குகிறார்கள். நெத்திலி போட்ட சம்பல் பிலிஸ் டப்பாவோடு இதையும் வைக்கிறேன்.

ஐ.நா. அமைதிப் படையையே அங்கிருந்து எடுத்துவிடுகிறார்கள், நீங்களெல்லாம் முன்கூட்டியே திரும்புகிறீர்கள் என்று முகாமில் சொன்னார்கள். அத்தை கேசரி கிண்டி அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுத்தார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை. துவைத்த துணியையே மறுபடியும் மெஷினில் போட்டுவிட்டு, அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு" என்று அத்தை திட்டிய பிறகுதான் நகர்ந்தேன்.

உங்களுக்கு முன்பே அங்கே போய்வந்த தர்மா அண்ணன் வந்திருந்தார். "எங்க காலத்துல நீலத் தொப்பியப் பாத்தா ரெண்டு பக்கமும் கொஞ்சம் யோசிப்பானுங்க தங்கச்சி. இப்ப பெரிய நாடுங்களே சண்டையில எறங்கிருச்சு. நடுவுல நிக்கிறவன யாரு மதிக்கிறா லா" என்றார். யார் சுட்டார்கள் என்று எழுதி அனுப்புவதுதான் உங்கள் வேலையாம். அதைப் படிக்கத்தான் இப்போது ஆளில்லையாம்.

அங்கே உங்கள் முகாம் வாசலில் ரொட்டி சுடும் அக்காவைப் பற்றி முன்பெல்லாம் நிறையச் சொல்வீர்கள். போன வாரம், நீங்கள் கிளம்பப்போவது தெரிந்ததும், வழக்கம்போல ரொட்டியைக் கொடுத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார் என்றீர்கள். உடனே போன் நின்றுபோனது. லைன் கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னீர்கள். நீங்கள்தான் வைத்தீர்கள். எனக்குத் தெரியும்.

நீங்கள் விமானம் ஏறிய அன்று, சொன்ன தேதிக்கு முன்பே உங்களைத் திருப்பித் தந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். முருகன் தந்துவிட்டான். அந்த அக்காவை அங்கேயே சண்டைக்கு நடுவில் விட்டுவிட்டுத் தருவான் என்று நான் நினைக்கவில்லை.

அதனால் இந்த வருடம் இரண்டு குடம். ஒன்று உங்களுக்காக நான் எடுப்பது. மற்றது அந்த அக்காவுக்காக. அத்தையிடம் சொன்னேன். "அவங்க சாமி வேறயாச்சேம்மா" என்று கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். பிறகு, அதைத் தானே தூக்கி வருவதாகச் சொல்லிவிட்டார்.

நேற்றுக் கோயிலில் இரண்டு குடத்துக்கும் பதியப் போனேன். இரண்டாவது குடம் யாருக்காகவோ அவர் பெயரும் நட்சத்திரமும் குருக்கள் கேட்டார். நட்சத்திரம் தெரியாது என்றேன். சரி, பெயரையாவது சொல்லும்மா என்றார். எனக்கு அதுவும் தெரியவில்லை. இத்தனை மாதம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள், நீங்களும் ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. வெட்கமாகப் போய்விட்டது. பெயர் எழுதும் இடத்தை அப்படியே காலியாக விட்டுவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

முருகன் துணையோடு பத்திரமாக வந்து சேருங்கள். வந்து எவ்வளவு நாள் பேசாமல் இருந்தாலும் நான் எதுவும் கேட்கமாட்டேன். ஆனால், வண்டி ஏறுவதற்கு முன் அந்த அக்காவின் பெயரைக் கேட்டு வாருங்கள். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

உங்கள்
குமுதா