ஹாங்காங்கில் எங்கே பசியாறுவது

அத்தை,

இன்று காலை சமையலறை மேல் அலமாரியில் இருந்த உங்கள் மைலோ டின்னைத் திறந்தேன். மைலோவைத் தேடித்தான் திறந்தேன். மூக்கில் ஏறியதோ மழையில் நனைந்த மரப்பெட்டியின் வாசனை. சைனாடவுனில் நீங்கள் வாங்கி வைத்த போலே என்னும் சீனத் தேயிலை, கறுத்துக் கட்டியாகிக் கிடந்தது. மூடியின் மேல் அம்மா முத்து முத்தான கையெழுத்தில் ‘கஷாயப் பொடி’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார். அப்பாவுக்குச் சளி பிடித்தபோது இதில்தான் மிளகும் திப்பிலியும் போட்டுக் கொதிக்க வைத்தாராம். அப்பாவும் ஒரு சொல் பேசாமல் குடித்துவிட்டு, சளி குறைந்துவிட்டது என்றாராம். உங்கள் தம்பி அல்லவா? குடிப்பதற்குத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்க மாட்டார்.

உங்கள் தலைத்திவசம் முடிந்துவிட்டது. போன வருஷம் நாம் போவதாக இருந்த ஹாங்காங் பயணத்தை, துக்க வருஷம் என்று அப்பா தள்ளி வைத்திருந்தார். நீங்கள் பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதைக் கொண்டாடப் போட்ட பயணம் அது. நீங்கள் ஓய்வு பெறுவதற்குள் உங்கள் இதயம் முந்திக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது என் ஓ லெவல் முடிந்த கையோடு மூன்று பேராகப் போகிறோம்.

போவது முடிவாகிவிட்டது. எங்கே சாப்பிடுவது என்பதில்தான் சண்டை வந்தது. விடுதிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றனவாம். மூன்று வேளையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அம்மா இன்னும் ஒரு படி மேலே. ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் என்று பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். திருச்சியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோதுகூட இவ்வளவு கொண்டுவந்திருக்க மாட்டார். இட்லி சாப்பிட ஹாங்காங் வரை போவானேன், இங்கேயே தேக்காவுக்கு எம்ஆர்டி ரயில் பிடித்தால் போதுமே என்றேன். நாக்கைச் சுருட்டி உள்ளே வை என்றார் அம்மா.

நீங்கள் அந்த ஊரில் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. காலையில், தேநீரோடு ஆவியில் வெந்த சிற்றுண்டிகள் தரும் ஒரு யாம்சா கடையில் உட்கார்ந்தால், கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் மதியம்வரை பசியாற வேண்டும். அது நடக்குமா, அல்லது உங்களோடு சேர்த்து அதற்கும் திவசம் வைத்துவிடுவார்களா என்பதுதான் போன ஞாயிறுவரை என் கவலை.

அந்த ஆசை ஏன் என்று எனக்குத் தெரியும். பஸ் நிலையத்தில் ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில் கிடைக்கும் இடைவேளையைப் பற்றி நீங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். சாப்பிடலாம், இல்லையென்றால் கழிவறைக்குப் போகலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும். மீ கோரெங் நூடுல்ஸை எச்சில்கூடப் படாமல் விழுங்கிவிட்டு ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடிப்பீர்கள். “நாங்க எங்கடி சாப்பிடறோம்? டேங்க் ரொப்பறோம்” என்பீர்கள். வீட்டில்கூட நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்போது அம்மா ரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

அதனால்தான் ஹாங்காங் திட்டத்தில் மட்டும் அப்படி ஒரு நிதானம். உங்கள் விடுமுறை நாள்களில் நாம் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நான் கைப்பேசியில் கடைகளைத் தேடுவேன். ‘நான்கரை நட்சத்திரம்’ என்று செய்தி வாசிப்பவர் குரலில் அறிவிப்பேன். நீங்கள் அசைய மாட்டீர்கள். “நட்சத்திரம் பாக்கிறது கல்யாணத்துக்கு. சாப்பாட்டுக்கு ஆளப் பாரு” என்பீர்கள். யாரோ போட்ட படத்தில் ‘பாவ்’ என்ற ஆவியில் வெந்த பன்னைப் பெரிதாக்கிக் காட்டினால், அதை விட்டுவிட்டுப் பின்னால் மங்கலாகத் தெரியும் மேசைகளைப் பெரிதாக்கச் சொல்வீர்கள். அங்கே ஒரு கிழவர் செய்தித்தாள் படிக்க வேண்டும். அதுவும் கடைசிப் பக்கத்துக்கு வந்திருக்க வேண்டும். முதல் பக்கத்திலேயே இருந்தால் கடை தேறாது. அவரை எப்போது எழுப்பி அனுப்பலாம் என்று பார்க்கிற கடையாக இருக்கும். குதிரைப் பந்தயப் பக்கம் வரைக்கும் விட்டுவைக்கிற கடையில்தான் நமக்கும் இடம் என்பீர்கள்.

நான் அந்தத் திட்டத்துக்கு ‘ஹாங்காங்கில் ஆங்காங்கே’ என்று பெயர் வைத்தேன். மொக்கை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். மறுநாள் உங்கள் பஸ்ஸிலேயே பள்ளிக்குப் போனபோது, நான் கார்டைத் தட்டும் நேரம் பார்த்து, “ஆங்காங்கே எறங்கிடாத, ஸ்கூல்ல எறங்கு” என்றீர்கள். ஊரைச் சுற்றிப் பார்ப்பதெல்லாம் இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் செருக வேண்டிய விஷயம் உங்களுக்கு. மலை உச்சிக்குப் போகும் டிராமை நான் காலையில் போட்டபோது, “மலை எங்க போயிடப் போகுது? பாவ் ஆறிடும்” என்று அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளினீர்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு கோயிலை ஒட்டிய சைவக் கடை. அங்கே போய்க்கூடவா வெள்ளிக்கிழமை பார்க்க வேண்டும் என்று கேட்டேன். “வெள்ளிக்கிழமைக்கு விசா வேணாம்டி” என்றீர்கள்.

அத்தனைக்கும் ஒத்திகை நம் ஞாயிற்றுக்கிழமைகள். நீங்களும் அப்பாவும் பிறந்து வளர்ந்த சைனாடவுன் வாடகை வீட்டுக்கு இரண்டு தெருத் தள்ளி, தள்ளுவண்டியில் மூங்கில் கூடைகள் சுற்றி வரும் அந்தப் பழைய கடை. உட்கார்ந்ததும் முதல் ஊற்றுத் தேநீரில் கிண்ணத்தையும் கரண்டியையும் அலம்பிக் கொட்டுவீர்கள். முதல்முறை அம்மா பதறிப்போய், கடையில் சுத்தமில்லையா என்று கேட்டார். நாம் வாழை இலையில் தண்ணீர் தெளித்துத் துடைக்கிறோமே, அதுதான் இது என்றீர்கள். அன்றிலிருந்து அம்மா நம் எல்லோரையும்விட மும்முரமாக அலம்பினார்.

தேநீர் ஊற்றுகிறவருக்கு நன்றி சொல்ல இரண்டு விரலால் மேசையைத் தட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தீர்கள். நான் சும்மா இருப்பேனா? ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் போட்டேன். அவசரப்படுத்துகிறேன் என்று நினைத்து அந்த அங்கிள் கிண்ணம் வழிய வழிய ஊற்றிவிட்டார். நீங்கள் அவரிடம் கான்டனீஸில் சமாதானம் பேசிக்கொண்டே மேசைக்கு அடியில் என் காலை மிதித்தீர்கள். அவர் போனதும் நீங்கள் சிரித்த சிரிப்பில்தான் மேசை இன்னும் அதிகமாக நனைந்தது.

அந்த ஞாயிறுகளில் பேச்சு முழுக்க உங்களுடையது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு தாழ்வாரத்தில் விளையாடிப் பழகிய கான்டனீஸ். அப்பா தலையைக் குனிந்து சாப்பிடுவார். அவருக்கு அந்த மொழி வராது என்றே நான் நினைத்திருந்தேன்.

நீங்கள் போன பிறகு அப்பா அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் தோசை வாங்கி வந்து, கட்டிய சட்னியைப் பிரிக்காமலே சாப்பிடுகிறார். நேராகக் கூப்பிட்டால் வர மாட்டார் என்று தெரியும். எனவே அவர் மூக்குக்கண்ணாடியின் காலை வாரினேன். ஒரே ஒரு திருகாணி. அதைச் சரி செய்யும் தாத்தா சைனாடவுனில் இருக்கிறார் என்று நானே யோசனையும் சொன்னேன். போன ஞாயிறு மூன்று பேரும் போனோம். கால் சரியானதும் எனக்குப் பசி வந்தது. அதுவும் சரியாக அந்தக் கடை வாசலில்.

அப்பா நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. திரும்பி நடக்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்போது அம்மா, உள்ளே ஏசி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய் உட்கார்ந்துவிட்டார். அம்மாவை நான் குறைத்து எடை போட்டிருக்கிறேன், அத்தை.

நான்கு நாற்காலி மேசை. கிண்ணங்களை அம்மா அலம்பினார். தள்ளுவண்டி தள்ளிவரும் சீன ஆண்டி எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார், குட்டை முடியும் உரத்த குரலுமாக இருப்பாரே, அவரேதான். நேராக வந்து, எதுவும் கேட்காமல், வறுத்த சேப்பங்கிழங்குக் கேக் தட்டைக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார். பிறகு அப்பாவிடம் என்னவோ கேட்டார். ‘கா ஜே’ என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அக்கா. அக்கா எங்கே என்று கேட்கிறார்.

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார். கான்டனீஸில். ஒவ்வொரு சொல்லாக, துருப்பிடித்த கதவைத் தள்ளுகிற மாதிரி. ஆண்டி கையைத் தட்டிச் சிரித்தார், அப்பா தோளில் ஓர் அடி போட்டார், பிறகு நிறுத்தாமல் பேசினார். கையால் மாடிப்படி காட்டினார், மூலையைக் காட்டினார். அப்பா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வண்டி நகர்ந்ததும், என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அக்கா ஹாங்காங் போயிருக்குன்னு சொன்னேன்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “ஏங்க இப்படி?”

“செத்துப்போச்சுன்னு சொல்ற வார்த்தை தெரியும்லா. வாய்ல வரல.”

பிறகு அப்பாவே சொன்னார். அங்கே எங்கே பசியாறுகிறாள் என்று ஆண்டி கேட்டாராம். தெரியவில்லை என்று அப்பா சொன்னாராம். அதற்குத்தான் அவ்வளவு பேச்சு. பழைய சந்தைக் கட்டடம் ஒன்றில், மீன் விற்கும் தளத்துக்கு மேலே ஒரு கடை. ஆண்டியின் தங்கை அங்கே வேலை பார்த்தாளாம். படிக்கட்டுக்குப் பக்கத்து மேசையில் உட்காரச் சொல், சமையலறையிலிருந்து வண்டி அந்த வழியாகத்தான் முதலில் வரும் என்றாராம். சீக்கிரம் போகச் சொல், ஆனால் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டாம் என்றும் சொல் என்றாராம்.

உங்கள் தட்டிலிருந்த கேக்கை அப்பா மூன்றாக வெட்டினார். தேநீர் தீர்ந்தபோது இன்னும் ஊற்றச் சொல்லும் அடையாளமாகக் கெண்டியின் மூடியைச் சாய்த்து வைத்தார், நீங்கள் வைக்கிற மாதிரி. அன்று நாங்கள் எழுந்தபோது மதியக் கூட்டம் வந்துவிட்டது. போகும்போது ஆண்டி பின்னாலேயே வந்து இன்னும் ஒரு வாக்கியம் சொன்னார்: அக்கா திரும்பி வந்ததும் கடை எப்படி இருந்தது என்று என்னிடம் வந்து சொல்லச் சொல்.

நம் பிடோக் நிலையம் வரும் வரைக்கும் அப்பா ரயில் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்குவதற்கு முன் சொன்னார்.

“போகாம வந்து அந்தம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்றது?”

அவ்வளவுதான். முதல் நாள் காலை அந்தச் சந்தை மாடி. படிக்கட்டுப் பக்கத்து மேசை. அடுத்ததாக எந்த இடத்துக்கும் போகத் திட்டம் போடக்கூடாது என்று அப்பாவே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு நீங்கள் பார்த்து வைத்த சைவக் கடையை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். மீதி நாள்களுக்கு இன்று நான் கைப்பேசியில் கிழவர்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுத் தூங்குகிறார். அந்தக் கடையைச் சேர்த்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நேற்று அப்பா துணி மடித்துக்கொண்டே, திரும்பி வந்ததும் ஆண்டியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றார். அவ்வளவு ஆசையாகக் கேட்கிறவரை ஏமாற்றக்கூடாது. கடை எப்படி இருந்தது என்பதை அவர் சொல்லிக்கொள்வாராம். முதல் வாக்கியம் மட்டும் அவருக்கு வராதாம். “நீ சொல்றியா?” என்று என்னைக் கேட்டார். கேட்டது என்னிடம்தானா என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

அப்பாவுக்குத் தெரியாது, அத்தை, அந்த வாக்கியத்தை நான் தமிழில்கூட இன்னும் யாரிடமும் சொன்னதில்லை. மேல்வீட்டு அங்கிள் கேட்டபோது, அத்தை இப்போது மேல் ரூட்டில் ஓட்டுகிறார் என்றேன். பள்ளியில் கேட்டபோது வேறு என்னவோ சொல்லிச் சிரிக்க வைத்தேன். ஒரு வருஷம் அப்படியே ஓட்டிவிட்டேன். உங்கள் மருமகளுக்கு ஓட்டுவதற்கு உரிமம் வேண்டுமா என்ன?

அப்பா அதைக் கான்டனீஸில் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார். நான் திருப்பிச் சொன்னேன். “பாடாத, பேசு” என்று திருத்தினார். மறுபடி சொன்னேன்.

‘எங்கள் அத்தை இறந்துவிட்டார். உங்கள் சேப்பங்கிழங்குக் கேக் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.’ இவ்வளவுதான் அது. கிண்டல் செய்ய அதில் ஒரு சொல்கூட இல்லை. நானும் தேடிப் பார்த்துவிட்டேன். லிஃப்டில் தனியாக இறங்கும்போதெல்லாம் சொல்லிப் பழகுகிறேன். முதல் பாதியில் குரல் ஆடுகிறது. கேக் வரும்போது சரியாகிவிடுகிறது.

உங்கள்
வாலு