மூன்றாம் நாள் வந்த கொரியர்

அன்புத் தம்பி சேகருக்கு,

நேற்று காலையில் உன் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். ஓட்டியது உன் மகள் பவித்ரா. சிரிக்காதே. வேகம் நாற்பதைத் தாண்டினாலே உன் தோளைத் தட்டுகிற அதே அண்ணன்தான்.

பௌர்ணமிக்கு மறுநாள். அடி அண்ணாமலை ரோட்டில் அப்போதுதான் வண்டிகளை விட ஆரம்பித்திருந்தார்கள். மலையின் உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. கிரிவலம் முடித்தவர்கள் பாதித் தூக்கத்தில் பஸ்ஸைத் தேடி நடந்துகொண்டிருந்தார்கள். உன் ஹெல்மெட் பவித்ராவின் தலையில் இருந்தது. இடது பக்கம் நீ கீறல் போட்ட அதே ஹெல்மெட். பின்னாலிருந்து பார்க்கிறவனுக்கு எப்படி இருந்திருக்கும், சொல்.

எதற்காகப் போனோம் என்று முதலிலிருந்து சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் தெரிந்ததையே திரும்பச் சொல்லிச் சொல்லி முப்பத்து மூன்று வருஷம் சம்பளம் வாங்கியவன் நான்.

நீ கடைசியாக என் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? புது சைலன்ஸர், புது ஏர் ஃபில்டர். நீயே மாட்டியிருந்தாய். ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்ஸருக்குள் படபடவென்று வெடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"டேய், அம்பது தாண்டிட்ட. இன்னும் என்னடா டப்பு டுப்புனு? பழசையே எடுத்து மாட்டு."

"இன்னும் வேலை முடியலண்ணா. ஒரு வாரம் டைம் குடு."

வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த எத்தனை பிள்ளைகளுக்கு நாளைக்குக் கொண்டுவா என்று சொல்லியிருப்பேன்! உனக்கு மட்டும், "வயசுக்கேத்த வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்தப் புதன்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்த நீ எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டுத் திரும்பினோம். உன் வீட்டு வாசலில் கொரியர்காரர் நின்றிருந்தார். உன் பெயரைச் சத்தமாகப் படித்து, "சார் இருக்காரா?" என்று கேட்டார். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளங்கை அளவு கவர். பிரிக்க மனம் வராமல் என் பீரோவில், பென்ஷன் காகிதங்களுக்குக் கீழே வைத்துவிட்டேன்.

பவித்ராவுக்குப் போளூரில் ஒரு லேபில் வேலை கிடைத்திருக்கிறது. தினமும் உன் வண்டியில்தான் போய்வருகிறாள். போன வாரம் ஒரு காரை முந்துவதற்காக ஆக்ஸிலேட்டரை முறுக்கியிருக்கிறாள். எஞ்சின் விக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் லாரி. ஒரு முழ இடைவெளியில் பிரேக் பிடித்தானாம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். உன் மனைவி மல்லிகா சிரிக்கவில்லை.

"மாமா, அது படக்குனு வெடிக்கறப்பல்லாம் எனக்கு இங்க படக்குங்குது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "பௌர்ணமி முடிஞ்சதும் பழைய சைலன்ஸரையே மாட்டிக் குடுத்துடுங்க. இல்லன்னா வண்டியே வேணாம், வித்துடுங்க. போற நேரத்துல அந்த மனுஷன் எதுக்குத்தான் இத இழுத்து வெச்சாரோ!"

மெக்கானிக்கும் அதையே சொன்னார். "பழச மாட்டினா அரை மணி நேர வேலை சார். இதுக்கு ஜெட் மாத்தி மாத்தி யாரு உக்காந்து பாக்கறது?"

நான் பரணில் ஏறி, சாக்கில் சுற்றி வைத்திருந்த பழைய சைலன்ஸரை இறக்கினேன். மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதை மாட்டினால் வண்டி ஒழுங்காக ஓடும். ஆனால் உன் கை கடைசியாகச் செய்த வேலையை நானே அழித்ததாகும். அதுவும் நீ உயிரோடு இருந்தபோது நான் சொன்ன அதே வார்த்தைப்படி. அப்போதுதான் அந்தக் கவர் ஞாபகம் வந்தது.

பிரித்தேன். மூன்று பித்தளை ஜெட்டுகள், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிறவை. மூக்குத்தித் திருகாணி அளவுதான். நடுவில் ஊசித் துளை, தலையில் துளை அளவின் நம்பர். 100, 105, 110. வண்டியில் இருந்தது 95. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, சேகர். வகுப்பில் சொல்வது போலச் சொன்னால், பானையில் அரிசியைக் கூட்டினால் தண்ணீரையும் கூட்ட வேண்டும். புது ஃபில்டரும் சைலன்ஸரும் காற்றைக் கூட்டிவிட்டன. பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு வாரம் இதற்குத்தானா?

வேங்கிக்காலைத் தாண்டி, மனை போட்டு ரோடும் போட்டு இன்னும் ஒரு வீடுகூட வராத இடம் ஒன்று இருக்கிறது. நேர் ரோடு. ஆள் இல்லை, மாடு இல்லை, மனைக் கற்கள் மட்டும். நேற்று நானும் பவித்ராவும் அங்கே போய் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தது. எஞ்சின் பட்டினி கிடந்த நிறம்.

ஒரே அடியாகச் சரி செய்துவிடலாம் என்று நான் பெரிய 110-ஐப் போடச் சொன்னேன். ஒவ்வொரு படியாகப் போ என்று பிள்ளைகளை விரட்டியவன் செய்த வேலை இது. வண்டி இருமிக்கொண்டு புகை தள்ளியது. பிளக், சட்டியின் அடி மாதிரி கறுத்து வந்தது.

"பெரியப்பா, நீங்க மார்க்க இப்படி அள்ளி விட்டிருந்தா மொத்த ஸ்கூலும் பாஸ் ஆகியிருக்கும்" என்றாள் பவித்ரா. உன் வாய் அப்படியே இருக்கிறது அவளுக்கு.

பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து, 105-ஐ மாட்டினோம். முழு வேகத்தில் போய், சட்டென்று எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்தபடி உருண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் பிளக் அந்த வேகத்தின் நிறத்தைக் காட்டும்.

"கட் பண்ணப் போறேன். பயப்படாதீங்க."

"நான் எதுக்குமா பயப்படறேன்?"

"அப்புறம் ஏன் என் தோள இப்படி நசுக்கறீங்க?"

அணைத்தாள். சேகர், அந்த மௌனத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? சத்தம் நின்றுவிட்டது, ஓட்டம் நிற்கவில்லை. காற்று மட்டும் காதோரம் போனது. மலை பக்கவாட்டில் மிதந்துகொண்டே கூட வந்தது. மனைக் கற்கள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் பின்னால் போயின. முன்னால் அந்தக் கீறல் விழுந்த ஹெல்மெட். வண்டியை ஓட்டுவது யார் என்று எனக்கு மறந்துபோயிற்று. நீ திரும்பி ஏதோ சொல்லப்போகிறாய் என்று காத்திருந்தேன். இப்படியேதான் போனாயா நீ? எஞ்சின் நின்ற பிறகும் கொஞ்ச தூரம் எங்களோடு உருண்டு வந்தாயா?

வண்டி நின்றது. பிளக்கைத் துண்டில் பிடித்துக் கழற்றினேன். அப்படியும் விரல் சுட்டது. வறுத்த மல்லாட்டைக் கடலை ஓட்டின் நிறம். இழுவையில் விக்கலே இல்லை. ஆனால் திரும்பும்போது ஆக்ஸிலேட்டரை விட்டதும், படக். மறுபடியும் படக். மல்லிகாவின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்தச் சத்தம் இருக்கும்வரை அவள் சம்மதிக்க மாட்டாள்.

தோற்றுப்போனவனாக, மிச்ச ஜெட்டுகளைக் கவரில் போட்டேன். அதன் மூலையில் டேப்புக்கு அடியில் ஏதோ விரலில் நெருடியது. பிரித்தால், நாலாவது ஜெட். மெல்லிசாக, குச்சி மாதிரி.

பவித்ரா ஃபோனில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பெரியப்பா, ஆக்ஸிலேட்டர விட்டப்புறம் பெட்ரோல் இந்த வழியாத்தான் வருதாம். அதுவும் கம்மியா இருந்தா வெடிக்குமாம். அப்பா இதையும் வாங்கியிருக்காரு."

நீ எதையும் விடவில்லை. நான் வெட்கப்பட்ட அந்த வெடிச்சத்தத்துக்கும் மருந்து தேடி வைத்துவிட்டுத்தான் என்னிடம் டைம் கேட்டிருக்கிறாய். அந்தக் குச்சி ஜெட்டையும் அங்கேயே மாட்டினோம்.

வீட்டு வாசலில் மல்லிகா நின்றிருந்தாள். பவித்ரா வேண்டுமென்றே வேகமாக வந்து, ஆக்ஸிலேட்டரை விட்டாள். ஒரே சீரான தாழ்ந்த குரலில் வண்டி அடங்கி நின்றது. மல்லிகாவின் கை நெஞ்சுக்குப் போகவில்லை.

"வெடிக்கலயே மாமா?"

உன் பெயர் எழுதிய கவரை அவளிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்ததைச் சொன்னேன். நான் ஒளித்து வைத்திருந்ததையும் சொன்னேன். உன் பெயரின் மேல் விரலை வைத்தாள்.

"அப்ப அவரு சும்மா சத்தத்துக்கு மாட்டல."

"இல்லம்மா. முடிக்கத்தான் நேரம் கிடைக்கல."

"இன்னிக்கு லீவு வேணாம், கெளம்பு" என்று மகளிடம் சொன்னாள். "போயி சேந்ததும் ஃபோன் பண்ணு." பழைய சைலன்ஸரை நானே மறுபடி சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

சேகர், நீ கேட்ட ஒரு வாரத்தை ஏழு மாதம் தாமதமாகக் கொடுத்திருக்கிறேன். ஒரு வாக்கும் தருகிறேன். மார்கழிக் குளிரிலும் சித்திரை வெயிலிலும் பவித்ராவின் வண்டியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, நிறம் பார்ப்பேன். இனிமேல் யார் வந்து வேலை முடியவில்லை என்று சொன்னாலும், உள்ளே போய்விடாமல் பக்கத்தில் உட்காருவேன்.

விரல் கொப்புளம் இன்னும் ஆறாத,
உன் அண்ணன்