தோளுக்குப் பின்னால் போகாத கை

மே 6
விடியலிலிருந்து மழை. நிவித்திகல பஸ் தாமதம். அம்மாவுடன் இரத்தினபுரி ஆஸ்பத்திரி, பிசியோ அறை.

பிசியோ சிங்களப் பெண், என் வயதிருக்கும். "அம்மே, அத்த உஸ்ஸன்ன." அம்மா வலது கையை உயர்த்தினாள். நெஞ்சு மட்டத்தில் நின்றுவிட்டது. மீதியை எட்ட முதுகையே சாய்த்துப் பார்த்தாள். தோள் உறைந்துபோயிருக்கிறதாம். அம்மாவைப் போல சீனி வருத்தம், நீரிழிவு, உள்ளவர்களுக்கு அதிகம் வருமாம். வலிக்கிறதே என்று பழைய சேலைத்துணியில் கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அது இன்னும் இறுக்கிவிட்டது.

மாதக்கணக்கு ஆகும், ஆனால் கை மேலே வரும் என்றாள் பிசியோ.

வீட்டில் தினமும் செய்ய: முதலில் இளஞ்சூட்டு ஒத்தடம்.
குனிந்து, நல்ல கையை மேசையில் ஊன்றி, மற்றக் கையைத் தொங்கவிடுதல். கையை ஆட்டக் கூடாது. உடம்பு ஆட, கை தானாக ஆடும்.
சுவரில் விரல்களால் ஏறுதல். பத்துத் தடவை.
முதுகுக்குப் பின்னால் துவாயை இரண்டு கையாலும் பிடித்தல். நல்ல கை மெல்ல மேலே இழுக்க வேண்டும்.
இழுக்கிற வலி பரவாயில்லை. குத்துகிற வலி வந்தால் நிறுத்தம்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா: "ஏண்டி, இம்புட்டு தூரம் வந்தது கைய தொங்கப்போடவா?"

மே 7
தோள்மூட்டு பற்றி வாசிப்பு. பந்து போல எலும்பின் தலை. அது உட்கார ஆழமேயில்லாத ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணம் ஆழமாக இருந்தால் பிடிப்பு கூடும், இத்தனை திசைகள் இருக்காது. தேயிலைக் கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குள் எறிவது, கல்யாணத்துக்கு முன்பிருந்து அம்மா செய்து வந்தது, எல்லாம் அந்தக் கிண்ணத்துக்குள். நெடுநேரம் பக்கம் புரட்டவில்லை.

மே 10
தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி வந்தார். "அக்கா, பேசாம பிள்ளைக் காம்பராவுக்கு வந்துருங்க. புள்ளைகளப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம்."
"தொட்டில் ஆட்டவும் கை வேணும் கங்காணி. நான் மலைக்குத்தான் வருவேன்."
 இனி கொழுந்தெடுக்கவே முடியாதோ என்ற பயம் அம்மாவுக்கு. வாயால் சொல்லமாட்டாள்.

மே 13
பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்தால் அம்மா பாயில். முகம் வெளிறி. நான் போனதிலிருந்து சுவரில் ஏறிக்கொண்டே இருந்தாளாம். லய வரிசையில் பக்கத்துக் காம்பரா பார்வதி சின்னம்மா சொன்னது.

"பத்துன்னா பத்துதாம்மா. கூடச் செஞ்சா ஓவர் கிலோ காசு போடுவாங்களா?"
சின்னம்மா சிரித்துவிட்டார். அம்மா கண்ணைத் திறக்காமலே, "போடமாட்டாங்களா?"

மலையில் சொன்ன கிலோவுக்கு மேல் பறித்தால்தான் கெட்டிக்காரி. உடம்பையும் அந்தத் தராசிலேயே வைத்துவிட்டாள்.

மே 17
மூன்று நாள் ஓய்வு. அரிசி, மண்ணெண்ணெய் வாங்கியது. இன்று தொங்கவிடும் பயிற்சி மட்டும். குனிந்து நின்றாள், கை தொங்கியது, மெல்ல வட்டமிட்டது. அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. தூக்கத்திலும் விரல்கள் எதையோ கிள்ளும். ரவிக்கைக்குள் தோள்பட்டை எலும்பு நீந்துவது போல நகர்ந்தது. கோயிலில் நிற்பது போல நின்றேன்.
"என்னடி பாக்குற?"
"ஒண்ணுமில்லம்மா."

ஜூலை 2
வெயில், அபூர்வமாய். விரல்கள் காலண்டர் ஆணி வரை ஏறின. சின்னம்மா வாசலில் இருந்து: "அடியே, கூரையப் பிச்சிறாத!"
துவாய் இன்னும் கஷ்டம். இரவு வலி குறைவு.

ஆகஸ்ட் 17
மூடுபனி. ஞாயிறு, மலையில் யாருமில்லை. லயத்துக்குப் பின்னாலுள்ள முதல் தேயிலை நிரையில் அம்மா போய் நின்றுகொண்டாள். கூடை இல்லை.
"பின்னால வந்து நில்லு."
நின்றேன். கிள்ளினாள், எறிந்தாள். முதல் பிடி அவள் தோளிலேயே சிதறியது. முனகினாள். கொஞ்சம் பொறுத்தாள். அடுத்தது முதுகு வழியே வழிந்தது. மூன்றாவதற்கு முழங்கை காதைக் கடந்து எழும்பியது. கொழுந்து என் நெற்றியில் அடித்து, சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது. ஈரம், சில்லென்று.

திரும்பாமலே கேட்டாள்: "விழுந்துச்சா?"
"விழுந்துச்சும்மா."
அடுத்த பிடியைக் கிள்ளத் தொடங்கிவிட்டாள்.