மேஸ்திரியின் விசில்

விவேக் நகர்,
6.8.2000

பிரியமுள்ள அத்தானுக்கு,

இங்கே அக்கா வீட்டில் நானும் பவுலின் அக்காவும் சுகம். அங்கே குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டீர்களா, இன்னும் ஊறுகாய்தானா?

ஒரு நல்ல சேதி. கார்மென்ட்ஸில் என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். முப்பது பெண்கள் எனக்குக் கீழே. கெட்ட சேதி, அதில் ஒருத்தியும் என் பேச்சைக் கேட்பதில்லை. போன வாரம் வரை என் டப்பாவில் சாப்பிட்ட உஷாவிடம், சீக்கிரம் தை என்றால், "நேத்து வரைக்கும் நீயும் ஆமை மாதிரிதானே தச்ச?" என்கிறாள். தசராவுக்குள் லைன் தேறாவிட்டால் நான் மறுபடி மெஷினில் உட்காரவேண்டியதுதான் என்று மேனேஜர் சீனிவாசராகவன் சொல்லிவிட்டார். தங்கச் சுரங்கத்தில் இத்தனை வருஷமாக மேஸ்திரியாக இருக்கிறீர்கள், வழி சொல்லுங்கள்.

சுரங்கத்தை மூடப்போவதாக ஊரே பேசுகிறது. நீங்களும் இங்கே வந்துவிட்டால் என்ன? தனியாக இருக்கப் பிடிக்கவில்லை.

உங்கள்
ஜோசபின்

மாரிகுப்பம்,
9.8.2000

அன்பு ஜோசு,

தினமும் ரயிலில் அங்கே வேலைக்கு வந்துபோகிற நம் ராமலிங்கம் உன் கடிதத்தைக் கொண்டுவந்தான். கையில் கொடுக்கும்போதே, "சூப்பர்வைசருக்கு என் வாழ்த்தைச் சொல்லு" என்றான். அடுத்த தடவை உறையை ஒழுங்காக ஒட்டு.

முதல் பாடம், சிரிக்காதே. சிரித்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். கத்து. தொண்டை கட்டிக்கொண்டால் என் விசிலை ஊது, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பூமிக்கடியில் அதைக் கேட்டால் என் ஆட்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். இன்னொன்று, சுரங்கத்தில் முதலில் இறங்குகிறவன் மேஸ்திரி, கடைசியில் மேலே ஏறுகிறவனும் அவன்தான். தையல் கடையில் இதற்கெல்லாம் எங்கே இடம்?

நான் அங்கே வரமாட்டேன். ஊரையே அதட்டியவன், எவனோ அதட்டுவதைக் கேட்டுக்கொண்டு கைகட்டி நிற்பானா?

குணசேகர்

விவேக் நகர்,
8.10.2000

பிரியமுள்ள அத்தானுக்கு,

போன மாதம் உங்கள் விசிலை ஊதினேன். யாரும் நிற்கவில்லை. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது, வாட்ச்மேன் ஊதுகிறான் என்று மூன்று மாடியும் இறங்கி ஓடியது. எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் மேனேஜர், அதுவும் ஒற்றைச் செருப்போடு. விசிலை ரவிக்கைக்குள் ஒளித்துவிட்டு, படிக்கட்டில் நின்று என் பெண்களை ஒவ்வொருத்தியாக எண்ணி அனுப்பினேன். நீங்கள் எழுதியது ஞாபகம் வந்து கடைசியில் இறங்கினேன்.

உஷா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். "உயிருக்குப் பயப்படாம எங்களுக்காக நின்னியே அக்கா!" நெருப்பு இல்லை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

அன்றிலிருந்து கத்தவே தேவையில்லை. கொஞ்சம் முடிச்சுக் கொடும்மா என்றால் போதும், சட்டைக் காலர் குவிகிறது. இனி மெஷினுக்குப் போகவேண்டாம் என்று மேனேஜரும் சொல்லிவிட்டார். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள தினமும் கடைசி ஆளாகத்தான் வெளியே வருகிறேன்.

நீங்களும் ஒருநாள் அன்பாகப் பேசிப் பாருங்களேன்.

உங்கள்
ஜோசபின்

பி.கு. ராமலிங்கம் அண்ணா, படித்தது போதும், மூடுங்கள்.

மாரிகுப்பம்,
15.10.2000

அன்பு ஜோசு,

உன் பேச்சைக் கேட்டுக் கெட்டேன். நேற்று சாமிநாதனிடம், "கொஞ்சம் அந்தக் கம்பியை எடுத்துத் தர்றியாப்பா?" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன மேஸ்திரி, மூடறதுன்னு முடிவு பண்ணிட்டாங்களா?" என்றான். ஷிப்ட் முடிவதற்குள் செய்தி பரவி, எல்லோரும் யூனியன் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். சமாதானப்படுத்த ஒரே வழிதான் இருந்தது. கெட்ட வார்த்தையில் திட்டினேன். சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

குணசேகர்

மாரிகுப்பம்,
1.3.2001

ஜோசு,

நேற்றோடு மூடிவிட்டார்கள். ஆட்களை எல்லாம் மேலே அனுப்பிவிட்டுக் கடைசியில் நான் ஏறினேன். ஏறுவதற்கு முன் ஒரு தடவை விசில் ஊதத் தோன்றியது. பையில் துழாவிய பிறகுதான் அது உன்னிடம் இருப்பது ஞாபகம் வந்தது. அழுதேன். உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ராமலிங்கமும் படிப்பான், படிக்கட்டும்.

நாளை காலையில் யாரை அதட்டுவேன்?

குணசேகர்

விவேக் நகர்,
4.3.2001

பிரியமுள்ள அத்தானுக்கு,

படித்துவிட்டு நானும் அழுதேன். அழுது முடித்து மேனேஜரிடம் போனேன். பேக்கிங்கில் ஒரு ஆள் வேண்டுமாம். இப்போது பேக்கிங்கும் என் பொறுப்பில்தான் வருகிறது. "வீட்டுக்காரர் உங்க பேச்சைக் கேட்பாராம்மா?" என்றார். எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்பீர்களா?

ஜோசபின்

மாரிகுப்பம்,
7.3.2001

அன்பு ஜோசு,

உன் கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு சுவரைப் பார்த்து "சரிங்க மேடம்" என்று சொல்லிப் பார்த்தேன். நாலாவது தடவை கொஞ்சம் வந்தது.

எனக்கும் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை வருகிறேன். எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டாதே. திட்டித்தான் ஆகவேண்டும் என்றால் நன்றாகத் திட்டு. அன்பாக மட்டும் பேசிவிடாதே, வேலை போய்விட்டதோ என்று எனக்குப் பயம் வந்துவிடும்.

குணசேகர்

விவேக் நகர்,
9.3.2001

பிரியமுள்ள அத்தானுக்கு,

திங்கட்கிழமை எட்டரைக்குக் கம்பெனி கேட்டில் இருங்கள். விசில் கிடையாது. அது அக்கா வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையில் ஊதிக்கொள்ளலாம்.

சாயங்காலம் உங்கள் வேலை முடிந்ததும் வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருங்கள். என் கடைசிப் பெண் கேட்டைத் தாண்டிய பிறகுதான் நான் வருவேன். நேரமாகும். சோறு ஆறிப்போய் நான் வாசலில் நின்ற நாளெல்லாம் கணக்கில் இருக்கிறது அத்தான். இனிமேல் நீங்கள் காத்திருங்கள்.

உங்கள்
ஜோசபின்