கேஸ்கெட் வாங்கப் போன பையன்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குட்டியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும், இருப்பீர்கள். இங்கே நாங்களும் அப்படியே என்று வழக்கம்போல எழுதிவிட்டேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை ஆரம்பிக்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ பதறுவாய். போன் பேசும்போது அப்பா என்னை ஒட்டியே உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றி அவர் காதுபடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் தட்டி அனுப்பலாம் என்றால் யாருக்கு என்று எட்டிப் பார்க்கிறார். பேனாவும் தாளும் என்றால் கடைக்குச் சாமான் எழுதுகிறாள் என்று விட்டுவிடுகிறார். இப்போதும் கார் ஷெட்டில்தான் இருக்கிறேன், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிமேல் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன். அவர் வண்டிக்குக் கீழே படுத்திருக்கிறார், வெளியே தெரிவது இரண்டு பாதமும் அந்தப் பிய்ந்த செருப்பும்தான். புதுச் செருப்பு நீ அனுப்பியது அலமாரியில் தூங்குகிறது, பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனுஷன் எப்போது மாறினார்.

முதலில் ஒரு பொய்யை உடைத்துவிடுகிறேன். கேமரா ரிப்பேர், அதனால் முகம் பார்த்துப் பேச முடியாது என்று சொல்லிவந்தேனே, கேமராவுக்கு ஒன்றும் இல்லை. கடைசியாக முகம் பார்த்துப் பேசினோமே, நீ புதிதாகத் தாடி வைத்துக்கொண்டு அதில் பாதி நரைத்துப்போய் இருந்தாய், அன்றைக்கு நீ போனை வைத்தபிறகு அப்பா என்னிடம், யாரும்மா இவரு, நல்ல மனுஷனா இருக்காரு, நம்ம பையன் ஜாடை இருக்குன்னு சொன்னார். நான் சிரித்து மழுப்பிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். உன் காதில் அது விழக்கூடாது என்றுதான் கேமராவைக் கெடுத்தேன். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைக்க முடியும், அதான் எழுதுகிறேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்றால் இந்த வண்டியில்தான். நீ அந்த டப்பாவை வித்துத் தொலைங்கம்மா என்பாய், இனிமேல் சொல்லாதே. உனக்கு ஞாபகம் இருக்கும், வால்வுக்கு இடைவெளி பார்த்து டேப்பட் வைக்கிற நாள் என்றால் நம் வீட்டில் வேறு எந்த வேலையும் நடக்காது. முந்தின நாள் சாயங்காலமே வண்டியை ஷெட்டில் விட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், தண்ணியே இல்லாத இன்ஜின், காத்துலதான் ஆறணும், விடியுறவரைக்கும் யாரும் தொடக்கூடாது என்பார். காலையில் கீழே படுத்து, மூடியைப் பிடித்திருக்கிற கம்பியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் தள்ளி, அந்த மெல்லிய தகட்டை வால்வு இடுக்கில் விட்டு இழுத்துப் பார்ப்பார். புத்தகத்துக்கு நடுவிலிருந்து ஒரு தாளை உருவுகிற மாதிரி லேசாகப் பிடிக்கவேண்டும், அதுதான் கணக்கு. நீ பின்னால் நின்று ஸ்பேனரால் புல்லியைச் சுற்றுவாய், அவர் போதும் என்றால் நிறுத்துவாய், ஒரு நூல் கூடப்போனால் உனக்கு விழும் திட்டு மூன்று வீடு தள்ளிக் கேட்கும். கடைசியில் மூடியை மூடுவதற்கு முன் எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கப் புதுக் கேஸ்கெட் வாங்கிவர உன்னை விரட்டுவார். ஐந்து நிமிஷத்தில் வரவேண்டிய நீ பந்து விளையாடிவிட்டு ஆடி அசைந்து வருவாய், அவர் கையில் மூடியை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்.

போன மழை முடிந்ததும் டேப்பட் வைத்தார். நான்தான் புல்லி சுற்றினேன். வண்டி தையல் மெஷின் மாதிரி ஓடியது, ஒரு டிக் டிக் சத்தம் கிடையாது, எதிர்வீட்டு டீச்சர்கூட புது வண்டியா என்று கேட்டாள், எனக்கு ஒரே பெருமை. அப்பா எப்போதும் சொல்வாரே, சத்தம் போடுற வால்வுக்கு ஒண்ணும் ஆகாது, சத்தமே போடாததுதான் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கும் என்று, அது அவருக்கும் நினைவு வரவில்லை எனக்கும் நினைவு வரவில்லை. மூக்குக்கண்ணாடி மாற்றப் போன அன்று நடுரோட்டில் வண்டி இழுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், இறங்கி நின்று இப்ப எங்கம்மா போறோம் என்று என்னைக் கேட்டார். ஒர்க்ஷாப் வைத்திருக்கிற நம் கிரீஸ் மாமா ஆள் அனுப்பி இழுத்துக்கொண்டு போய் இன்ஜினைப் பிரித்தார், ஒரு வால்வு கருகிப்போயிருந்தது. சரிசெய்து கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணி, நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவை இன்னொரு கையால அசையாம பிடிக்கணும், இல்லாட்டி வச்ச இடைவெளி எல்லாம் போயிடும், எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அண்ணன்தான், அவரே பிடிக்க மறந்திருக்கார்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், முகமெல்லாம் கரி. கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு பேர் சொன்னார், அதை இங்கே எழுதினால் நீ கம்ப்யூட்டரில் தேடித் தேடித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வாய். மறதி நோய், போன நினைவு திரும்பி வராது, மீதியும் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

இரு, கூப்பிடுகிறார். போய்ப் புல்லியைச் சுற்றிவிட்டு வந்தேன். முதலில் உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார், அப்புறம் ஓ அவன் கடைக்குப் போயிருக்கான்ல, நீ வாம்மா என்பார். இப்போது தினமுமே டேப்பட் வைக்கிற நாள்தான் அவருக்கு. நேற்று வைத்தது இன்றைக்கு நினைவில் இல்லை. ஸ்பேனரையெல்லாம் எடுத்துப் பரண்மேல் ஒளித்து வைத்துப் பார்த்தேன், வீடு முழுக்கத் தேடிவிட்டு உன் பழைய கட்டிலில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார், நானே எடுத்து வந்து கையில் கொடுத்துவிட்டேன். கிரீஸ் மாமா வந்து பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டார், வண்டி இனி ஓடாது, எவ்வளவு வேண்டுமானாலும் கழற்றி மாட்டட்டும் அண்ணி, கை வேலை செய்யுறவரைக்கும் செய்யட்டும் என்றார். படுக்கப்போகும் முன்னும் காலையில் எழுந்ததும் இன்ஜினைத் தொட்டுப் பார்த்து, நல்லா ஆறிடுச்சும்மா என்று சந்தோஷப்படுகிறார். ஆறாமல் என்ன செய்யும் அது.

இதெல்லாம்கூடப் பழகிப்போச்சு. சாப்பாடுதான் தகராறு. எல்லா வால்வும் பார்த்து முடித்துவிட்டு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், கேஸ்கெட் வாங்க உன்னை அனுப்பியிருக்கிறாராம், நீ வந்ததும் மூடிவிட்டுச் சாப்பிட வருவாராம். தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாலும் தொடுவதில்லை. நானே கடைக்குப் போய் கேஸ்கெட் வாங்கி வந்து நீட்டினேன், அது இன்னும் மோசமாகப் போனது. நீ எதுக்கு வாங்கினே, அவனைல்ல அனுப்பினேன், புள்ளை எங்கே, ரோட்டுல எதுவும் ஆயிடுச்சான்னு தெருவுக்கு ஓடிவிட்டார். இப்போது ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டேன், கடையில் கூட்டமாம், வரிசையில் நிற்கிறானாம், நீங்க ரெண்டு வாய் சாப்பிடுங்க என்பேன். சில நாள் எடுபடும். ஆள் பாதியாகிவிட்டார், சட்டை எல்லாம் கயிற்றில் காயப்போட்ட மாதிரி தொங்குகிறது.

இப்படி இருக்கையில் போன வெள்ளிக்கிழமை நான் கூப்பிடாமலே வந்து கை கழுவிக்கொண்டு தட்டின்முன் உட்கார்ந்தார். பழைய கேஸ்கெட்டையே வைத்து மூடியிருக்கிறார், ஜென்மத்தில் அப்படிச் செய்ததில்லை. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் இதற்காகத்தானே தவம் கிடந்தேன், சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். மெதுவாக, பையன் இன்னும் கடையிலேருந்து வரலையே என்றேன். எந்தப் பையன்னு கேட்டார். கிண்டல் இல்லை கோபம் இல்லை, யாரோ பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துக் கேட்கிற மாதிரி கேட்டார். அன்று முழுக்க எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பழையபடி உன் பேரைக் கூப்பிட்டார், மதியம் மூடியோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தார். சிரிக்காதேடா, அவர் பட்டினி கிடந்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். இப்படியும் ஒரு பெண்டாட்டி உண்டா.

உனக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு, எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் எல்லோரும் சேர்ந்து வருகிறோம் என்றாய், குட்டிக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது. அவர்கள் அடுத்த வருஷமே வரட்டும். நீ இப்போது வா. நான் எதற்கும் உன்னை வா என்று கூப்பிட்டதில்லை, என் கால் ஆபரேஷனுக்கே கூப்பிடவில்லை. அடுத்த வருஷம் வந்தால் வீட்டில் அப்பா இருப்பார், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டும் இருப்பார், உனக்காகக் காத்திருக்க மாட்டார். அதைத்தான் சொல்ல வந்தேன், இத்தனை பக்கம் ஆகிவிட்டது.

வரும்போது எனக்கு ஒன்றும் வாங்கிவராதே. தாடியை மழித்துவிடு. டாக்ஸியைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்லி, பெட்டியை டீச்சர் வீட்டில் போட்டுவிடு, பழைய சட்டை ஏதாவது மாட்டிக்கொள். அந்தக் கடை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, பெரியவர் போய் அவர் மருமகன் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கேஸ்கெட் வாங்கிக்கொண்டு வாசல் வழியாக வராமல் நேரே ஷெட்டுக்கு வா. மருமகளிடம் நான் கேட்டதாகச் சொல், குளிருக்குக் காதை மூடாமல் வெளியே போகவேண்டாம் என்று குட்டியிடம் சொல். வேளைக்குச் சாப்பிடு, வேலை எங்கேயும் ஓடிவிடாது. நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு ஒருத்தரை ஒருத்தர் மறக்காமல் இருக்கவேண்டும், அம்மாவுக்கு வேறு ஆசை இல்லை.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. எங்கடா போய்த் தொலைஞ்சே இவ்வளவு நேரம்னு கத்துவார், வாங்கிக்கொள், எதிர்த்துப் பேசாதே, அழவும் கூடாது. கடையில கூட்டம்ப்பா என்று சொல். நானும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா